உறைந்த தரையில் ஊரும் விமானங்கள்

1975 டிசம்பர் 16. அலாஸ்காவின் அங்கரேஜ் விமான நிலையத்தில் ஜப்பான் எயார்லைன்ஸின் போயிங் 747 விமானம் ஒன்று நூற்றுக்கும் மேற்பட்டோரை ஏற்றிக்கொண்டு ஓடுபாதையை நோக்கி மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. ஓடுபாதைக்குப் போகும் வழியான டாக்ஸிவே முழுவதும் பனிக்கட்டி. பக்கத்திலிருந்து பலத்த காற்று. பல நூறு தொன் எடையுள்ள அந்த விமானத்தைக் காற்றே திருப்பியது. சக்கரங்களுக்குத் தரையில் பிடிமானம் கிடைக்கவில்லை. விமானம் டாக்ஸிவேயை விட்டுச் சறுக்கி, பக்கத்திலிருந்த சரிவில் இறங்கிப் பள்ளத்தில் போய் நின்றது. பலர் காயமடைந்தார்கள், உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் விமானம் கடுமையாகச் சேதமடைந்தது. அது இன்னும் பறக்கத் தொடங்கவே இல்லை.

விமான விபத்து என்றதும் நாம் வானத்தைத்தான் நினைக்கிறோம். குளிர்நாடுகளில் பனிக்காலம் வந்துவிட்டால், தரிப்பிடத்திலிருந்து ஓடுபாதை வரைக்குமான அந்த இரண்டு மூன்று கிலோமீற்றர் தூரம் ஒரு தனிப் பயணம். விமானத்துறையினர் டாக்ஸியிங் என்று சொல்லும் அந்தத் தரையோட்டத்தில் விமானிகள் எதை எதிர்கொள்கிறார்கள், எங்கே தவறுகள் நேர்ந்தன, அந்தத் தவறுகளிலிருந்து உலகம் எவ்வளவு கற்றுக்கொண்டது என்பதுதான் இந்த வாரக் கட்டுரை.

கண்டி மஹய்யாவயிலிருந்து இதை எழுதக் காரணம் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் பனிக்கட்டி என்றால் குளிர்பானக் கடையில் பார்ப்பதுதான். நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி அதிகாலைகளில் புல்லின் மேல் உறைபனி படியும். தேயிலைக் கொழுந்தும் உருளைக்கிழங்கு இலையும் கருகும். அதற்கு மேல் இந்தத் தீவுக்குக் குளிர்காலம் தெரியாது. ஆனால் கண்டியிலும் மாத்தளையிலும் ஹட்டனிலும் எத்தனையோ வீட்டுப் பிள்ளைகள் இன்று ரொறன்ரோவிலும் லண்டனிலும் சூரிச்சிலும் ஒஸ்லோவிலும் இருக்கிறார்கள். மகளின் பிரசவத்துக்கென்று போகும் தாய்மாரும் படிக்கப் போகும் இளைஞர்களும் மார்கழி, தை என்று பார்த்துப் பயணம் வைப்பதில்லை. விமானம் கட்டுநாயக்கவில் முப்பது பாகை வெயிலில் கிளம்புகிறது. இறங்குவதோ பூச்சியத்துக்குக் கீழே உறைந்து கிடக்கும் தரையில். திரும்பி வரும்போது அந்தத் தரையிலிருந்துதான் புறப்படவும் வேண்டும். அந்தத் தரையைப் பற்றி நம் பயணிகளுக்கு யாரும் எதுவும் சொல்வதில்லை.

பிரேக் பிடித்தாலும் நிற்காது

காரையோ பஸ்ஸையோ ஓட்டும்போது எஞ்சினின் விசை சக்கரத்துக்குப் போகிறது. விமானத்தில் அப்படியில்லை. அதன் சக்கரங்கள் வெறுமனே உருள்கின்றன; தள்ளுவது எஞ்சினின் காற்று. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் விளங்கிவிடும். காரில் மிதியிலிருந்து காலை எடுத்தால் வேகம் தணியும். ஜெட் விமானத்தில் எஞ்சினை ஆகக் குறைந்த நிலையில் வைத்தாலும் அது தள்ளிக்கொண்டேதான் இருக்கும். உலர்ந்த தரையில் இது சங்கடமில்லை, இடையிடையே பிரேக்கைத் தொட்டுச் சமாளிக்கலாம். பனிக்கட்டியில் அந்தச் சிறு தள்ளுதலே பிரேக்கின் பிடிமானத்தை வென்றுவிடக்கூடும். சக்கரம் பூட்டிக்கொண்டு நிற்கும், விமானம் போய்க்கொண்டிருக்கும்.

அடுத்தது திருப்பம். தரையில் விமானத்தைத் திருப்புவது மூக்குச் சக்கரம். விமானத்தின் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான் அந்தச் சக்கரத்தின் மேல் இருக்கிறது. மீதி எல்லாம் நடுவிலுள்ள பெரிய சக்கரங்களின் மேல். எடை குறைவாக இருக்கும் சக்கரத்துக்கு ஈரப் பனிக்கட்டியில் பிடிமானம் இன்னும் குறைவு. விமானி திருப்புகிறார், மூக்குச் சக்கரம் திரும்புகிறது, விமானம் மட்டும் நேராகவே போகிறது. இன்னும் அதிகமாகத் திருப்பினால் சக்கரம் பனியை உழுதுகொண்டு போகும். அந்த நிலையில் திடீரென்று உலர்ந்த ஒரு திட்டு வந்தால், எதிர்பாராத வெட்டில் விமானம் திரும்பும். அதனால்தான் அனுபவமுள்ள விமானிகள் திருப்பத்துக்கு வெகு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுகிறார்கள். உலர்ந்த நேர்ப்பாதையில் மணிக்கு 50 கிலோமீற்றர் வரை போகும் விமானம், வழுக்கும் பாதையில் 20 கிலோமீற்றருக்கும் கீழே வந்துவிடும். திருப்பங்களில் ஒரு மனிதர் ஓடும் வேகம்கூட இராது.

எயார்பஸ் ஏ320 போன்ற விமானங்களில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் சறுக்கல்தடுப்பு முறை உண்டு. ஆனால் அது வேகமாக ஓடும்போதுதான் வேலை செய்யும். மணிக்குச் சுமார் 37 கிலோமீற்றருக்குக் கீழே வந்ததும் தானாகவே விலகிக்கொள்ளும். தரையோட்டத்தில் மெதுவாகப் போகும் நேரம் முழுவதும் விமானியின் பாதமே துணை.

இன்னொன்று பலருக்கு வியப்பாக இருக்கும். குளிர் கூடக் கூட வழுக்கலும் கூடும் என்றுதான் நாம் நினைப்போம். உண்மை நேர்மாறு. மைனஸ் இருபது பாகையில் இறுகிக் கிடக்கும் பனியில் டயருக்கு ஓரளவு பிடிமானம் கிடைக்கும். ஆபத்தானது பூச்சியம் பாகையை ஒட்டிய நிலை. அப்போது பனிக்கட்டியின் மேல் மெல்லிய நீர்ப்படலம் நிற்கும். மழைக்காலத்தில் பாசி பிடித்த கற்படியில் கால் வைத்தவர்களுக்கு அந்த உணர்வு தெரியும். காலையில் உறைந்து, பகலில் சற்றே உருகி, மாலையில் மீண்டும் உறையும் நாட்கள்தான் விமான நிலையங்களுக்கு ஆகக் கடினமானவை.

காற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். விமானத்தின் வால் துடுப்பு ஓர் உயர்ந்த சுவர். பக்கக் காற்று அதில் அறையும்போது விமானத்தின் மூக்கு காற்று வரும் திசைக்குத் திரும்பப் பார்க்கும். உலர்ந்த தரையில் சக்கரங்கள் அதை எதிர்த்து நிற்கும். அங்கரேஜில் அவற்றால் அது முடியாமல் போனது.

எஞ்சின்கள் விஷயத்தில் ஒரு தர்மசங்கடம் இருக்கிறது. எரிபொருளை மிச்சம் பிடிக்க, ஒரே எஞ்சினை மட்டும் இயக்கித் தரையோட்டம் செய்வது இப்போது பல நிறுவனங்களின் வழக்கம். வழுக்கும் தரையில் ஒரு பக்கத் தள்ளுதல் விமானத்தையே திருப்பிவிடும் என்பதால் அங்கே அதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். எஞ்சினின் உள்விசிறியில் பனி படிவதும் உண்டு. உறையும் ஈரத்தில் நீண்ட நேரம் காத்திருந்தால், குறிப்பிட்ட இடைவெளிக்கு ஒருமுறை எஞ்சினைக் கூடுதல் வேகத்தில் சுழற்றி அந்தப் பனியை உதறிவிட வேண்டும். உதறாவிட்டால் எஞ்சினுக்குக் கேடு. உதறுவதற்காக வேகத்தைக் கூட்டினால், பனிக்கட்டியின் மேல் நிற்கும் விமானம் முன்னே வழுக்கக்கூடும். பின்னால் நிற்கும் விமானத்தின் மேல் பனித்துண்டுகள் பறந்து போய் விழவும் கூடும். இந்த இரண்டுக்கும் நடுவில் தரையின் நிலையையும் சுற்றியுள்ள இடத்தையும் பார்த்து முடிவெடுப்பது விமானியின் பொறுப்பு.

ஸ்ரீநகரில் மோதிய பனிக்குவியல்

நமக்கு மிக அருகில் நடந்த சம்பவம் காஷ்மீரில். 2021 ஜனவரியின் தொடக்கத்தில் ஸ்ரீநகரில் கடும் பனி பொழிந்து விமானப் போக்குவரத்து சில நாட்கள் முடங்கிக் கிடந்தது. ஜனவரி 13ஆம் திகதி, டெல்லிக்குப் புறப்படவிருந்த இண்டிகோ விமானம் ஒன்று 200க்கும் மேற்பட்டோருடன் ஓடுபாதையை நோக்கித் தரையில் ஓடியபோது, ஓரத்தில் குவிந்திருந்த பனியில் அதன் எஞ்சின் மோதியது. யாருக்கும் காயமில்லை. பயணிகள் இறக்கப்பட்டார்கள், விமானம் சோதனைக்குப் போனது.

சின்னச் செய்தியாகவே பத்திரிகைகளில் வந்து போனது. ஆனால் இதற்குள் இருக்கும் பாடம் பெரியது. பனியை அகற்றுவது என்றால் அதை ஓரத்துக்குத் தள்ளுவது. தள்ளிய பனி எங்கேயும் மறைந்துவிடாது, அங்கேயே சுவராக நிற்கும், இரவில் கல்லாக இறுகும். இன்றைய விமானங்களின் எஞ்சின்கள் முன்பைவிடப் பருமனானவை. இறக்கைக்குக் கீழே தரையை ஒட்டித் தொங்குகின்றன. விமானி தன் ஆசனத்திலிருந்து பார்த்தால் அவருக்குப் பின்னே இருக்கும் எஞ்சின் தெரியாது. மஞ்சள் நடுக்கோட்டில் மூக்குச் சக்கரத்தைச் சரியாக வைத்துக்கொண்டால் இரு பக்கமும் இடமிருக்கும் என்ற நம்பிக்கையில்தான் அவர் ஓட்டுகிறார். பனி மூடிய தரையில் அந்த மஞ்சள் கோடே தெரியாது. ஓரத்து நீல விளக்குகளும் பனிக்குள் புதைந்துபோகும். கோடு தெரிந்தாலும், வண்ணம் பூசிய இடம் வெறும் தரையைவிட அதிகம் வழுக்கும்.

2024 ஜனவரி 16ஆம் திகதி ஜப்பானின் சப்போரோ அருகே நியூ சித்தோசே விமான நிலையத்தில் நடந்தது வேறு மாதிரி. அங்கே பின்தள்ளும் வேளையில் கொரியன் எயார் விமானத்தின் இறக்கை, நின்றுகொண்டிருந்த கத்தே பசிபிக் விமானத்தின் வாலில் உரசியது. விமானத்தைத் தள்ளிய வண்டி பனியில் வழுக்கியதாக கொரியன் எயார் சொன்னது. அந்த விமானத்தில் 289 பேர் இருந்தார்கள், ஒருவருக்கும் காயமில்லை. விமானி எவ்வளவு கவனமாக இருந்தாலும், தள்ளும் வண்டியின் டயர் வழுக்கினால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

இரவில் வேலை செய்பவர்கள்

இங்கே கொஞ்சம் நின்று, தரையைச் சுத்தம் செய்கிறவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். மஹய்யாவயில் வாழ்கிறவனுக்கு இதைச் சொல்லாமல் போக மனம் வராது. கண்டி மாநகரசபையின் துப்புரவுத் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இங்கே வாழ்கின்றன. வெள்ளைக்காரர் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். நகரம் விழிக்கும் முன்னே வீதியைக் கூட்டி முடித்துவிடுகிறார்கள். அவர்கள் ஒரு நாள் வராவிட்டால் தலதா வீதி எப்படி இருக்கும் என்று கண்டியில் எல்லோருக்கும் தெரியும். வந்த நாளில் யாரும் அவர்களை நினைப்பதில்லை.

பனிநாட்டு விமான நிலையங்களிலும் இதே கதைதான். இரவு முழுக்கப் பனிக் கலப்பை வண்டிகள் வரிசையாகப் போகும். முன்னால் போகும் வண்டியின் தகடு பனியை வழிக்கும், பெரிய உருளைத் தூரிகை மிச்சத்தைக் கூட்டும், காற்றூதி ஈரத்தைத் துரத்தும், கடைசியில் ஒரு வண்டி தரையின் உராய்வை அளந்துகொண்டு போகும். பனி விடாமல் பொழிந்தால், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்ச் சேருவதற்குள் தொடங்கிய இடம் மறுபடி வெளுத்திருக்கும். ஒரு விமானம் இறங்குவதற்கும் அடுத்தது ஏறுவதற்கும் நடுவில் கிடைக்கும் சில நிமிடங்களில் இந்த வேலையை முடித்துவிட்டு விலக வேண்டும்.

அந்த விலகல் பிசகினால் என்ன ஆகும் என்பதை 2014 அக்டோபர் 20ஆம் திகதி நள்ளிரவை ஒட்டிய நேரத்தில் மொஸ்கோவின் வனுகோவா விமான நிலையத்தில் உலகம் பார்த்தது. ஓடுபாதைக்குள் வந்துவிட்ட பனியகற்றும் வண்டி ஒன்றில், புறப்பட ஓடிய சிறிய ஜெட் விமானம் மோதியது. பிரான்சின் டோட்டல் எண்ணெய் நிறுவனத்தின் தலைவர் கிறிஸ்டோஃப் டி மார்ஜெரியும் மூன்று விமானப் பணியாளர்களும் இறந்தார்கள். விமானப் போக்குவரத்தில் தொழிலாளியின் பயிற்சி, ஓய்வு, அவருக்கும் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குமான தொடர்பு என்பவை எஞ்சின் பராமரிப்புக்குச் சமமாகப் பார்க்கப்பட வேண்டியவை. இதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

வீதியில் போடுவதுபோல் உப்பைக் கொட்டிவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். உப்பு விமானத்தின் அலுமினிய உடலை அரித்துவிடும். மணலை அளவுக்கு மீறிப் போட்டால் எஞ்சின் உறிஞ்சிக்கொள்ளும். எனவே பொட்டாசியம் அசிற்றேற்று, பொட்டாசியம் போமேற்று போன்ற இரசாயனங்களைத் தெளிக்கிறார்கள். அவையும் முழுத் தீர்வல்ல. நவீன விமானங்களின் கார்பன் பிரேக் தட்டுகளை அவை மெல்ல மெல்லச் சிதைக்கின்றன என்பது தெரிய வந்திருக்கிறது. பனி நீக்க விமானத்தின் மேல் ஊற்றும் கிளைகோல் திரவம் தரையில் வழிந்தால் அதுவே வழுக்கும்.

வாஷிங்டனில் அந்த 49 நிமிடங்கள்

பனித் தரையில் தரையோட்டம் என்றால் விமானப் பயிற்சி நிலையங்களில் இன்றும் முதலில் சொல்லப்படும் கதை 1982 ஜனவரி 13ஆம் திகதியுடையது. எயார் புளோரிடாவின் 90ஆம் இலக்க விமானம், ஒரு போயிங் 737, வாஷிங்டன் நஷனல் விமான நிலையத்திலிருந்து புளோரிடா போக இருந்தது. கடும் பனிப்பொழிவால் நிலையம் மூடப்பட்டுப் பிற்பகலில் மீண்டும் திறக்கப்பட்டிருந்தது. எல்லோரும் தாமதத்தில் இருந்தார்கள். எல்லோருக்கும் அவசரம்.

முதல் சிக்கல் தரிப்பிடத்திலேயே வந்தது. விமானத்தைப் பின்தள்ள வந்த வண்டியின் சக்கரங்கள் பனியிலும் கிளைகோலிலும் சுற்றிக்கொண்டே நின்றன. விமானிகள் எஞ்சினின் எதிர்த்திசை விசையைப் போட்டுப் பின்வாங்கப் பார்த்தார்கள். செய்யக்கூடாத காரியம் அது. எஞ்சின் தரையிலிருந்த பனியையும் பனிச்சேற்றையும் வாரி முன்னே இறைத்தது, விமானம் நகரவில்லை. பிறகு சக்கரத்தில் சங்கிலி பூட்டிய வேறொரு வண்டி வந்து தள்ளியது.

வரிசை நீளமாக இருந்தது. காத்திருந்த நேரம் முழுக்கப் பனி பொழிந்தபடியே. முன்னால் நின்ற விமானத்தின் எஞ்சின் சூட்டில் தங்கள் இறக்கையின் பனி உருகும் என்று நினைத்து, விமானிகள் அதன் பின்னே நெருங்கி நின்றார்கள். உருகிய பனி இறக்கையின் முன்விளிம்பில் மீண்டும் உறையும் என்பதை அவர்கள் எண்ணவில்லை. எஞ்சினைப் பனியிலிருந்து காக்கும் சூடேற்றியும் போடப்படவில்லை. சரிபார்ப்புப் பட்டியலை வாசித்தபோது ஒருவர் கேட்டார், மற்றவர் "ஓஃப்" என்று பதில் சொன்னார். அவர்கள் வழக்கமாகப் பறந்த வெப்பநாட்டு வானில் அதுதான் சரியான பதில். சூடேற்றாததால் எஞ்சினின் உணரி ஒன்று பனியால் அடைபட்டு, உண்மையைவிட அதிக விசை இருப்பதாகக் கருவியில் காட்டியது.

பனி நீக்கும் திரவம் தெளித்து ஏறத்தாழ 49 நிமிடங்கள் கழித்தே விமானம் ஓடுபாதையில் புறப்பட்டது. மேலெழுந்த சில வினாடிகளில் 14ஆம் வீதிப் பாலத்தில் மோதி, உறைந்துகிடந்த பொட்டோமாக் ஆற்றில் விழுந்தது. 79 பேரில் 74 பேர் இறந்தார்கள். பாலத்தின் மேல் வாகனங்களில் இருந்த நால்வரும் மாண்டார்கள். ஆற்றில் தத்தளித்துக்கொண்டிருந்த ஆர்லண்ட் வில்லியம்ஸ் என்ற பயணி, ஹெலிகொப்டர் போட்ட கயிற்றைத் தான் பிடிக்காமல் மற்றவர்களிடம் கொடுத்துக்கொண்டே இருந்தார். கடைசியாக ஹெலிகொப்டர் அவரைத் தேடி வந்தபோது அவர் இல்லை.

விசாரணை அறிக்கை பல காரணங்களைச் சொன்னது. அவற்றில் ஒன்று நம்மை நேராகத் தொடும்: ஜெட் விமானத்தைக் குளிர்காலத்தில் இயக்கிய அனுபவம் அந்த விமானிகளுக்குக் குறைவு. திறமை இல்லாதவர்கள் அல்ல, வெயில் நாட்டுப் பழக்கத்தில் பனியைச் சந்தித்தவர்கள். நம் ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் விமானிகளும் கட்டுநாயக்க வெயிலிலிருந்து லண்டனுக்கும் நரீத்தாவுக்கும் சியோலுக்கும் பறக்கிறவர்கள். வருடத்தில் பெரும்பாலான நாட்கள் பனியைப் பார்க்காதவருக்குக் குளிர்காலப் பயிற்சி வருடந்தோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். பயிற்சிச் செலவில் கைவைக்கும் எண்ணம் எந்த வெப்பநாட்டு விமான நிறுவனத்துக்கும் எந்த நெருக்கடியிலும் வரக்கூடாது.

இதற்கு வெகு முன்பே, 1958 பெப்ரவரி 6ஆம் திகதி மியூனிக்கில் மன்செஸ்டர் யுனைட்டட் உதைபந்தாட்ட அணி வந்த விமானம் மேலெழ எடுத்த மூன்றாவது முயற்சியில் ஓடுபாதையைத் தாண்டி நொறுங்கியது. எட்டு வீரர்கள் உட்பட 23 பேர் இறந்தார்கள். இறக்கையில் பனி இருந்தது என்று சொல்லி விமானி ஜேம்ஸ் தெய்ன் மேல் பழி போடப்பட்டது. ஓடுபாதையின் கோடியில் கிடந்த பனிச்சேறு சக்கரங்களைப் பிடித்து இழுத்து வேகத்தைக் குறைத்ததே காரணம் என்று நிலைநாட்டி அவர் மேலிருந்த பழி நீங்க 1969 வரை ஆனது. சில சென்ரிமீற்றர் உயரத்துக்குக்கூட வராத ஈரச்சேற்றைக் குற்றவாளியாக ஏற்றுக்கொள்ள அதிகாரிகளுக்குப் பத்து வருடத்துக்கு மேல் தேவைப்பட்டது. அந்த மனிதருக்கோ வேலை போயிற்று.

ஒரு சொல் போதுமா?

தரையை ஊகத்தில் விடாமல் அளந்து சொல்ல வேண்டும் என்ற கொள்கை இப்படியான இழப்புகளிலிருந்துதான் பிறந்தது. 2005 டிசம்பரில் சிகாகோ மிட்வே விமான நிலையத்தில் பனியில் இறங்கிய விமானம் நிற்காமல் வேலியை உடைத்து வீதிக்குப் போனது; காரில் இருந்த ஆறு வயதுச் சிறுவன் இறந்தான். அதன் பின் அமெரிக்காவில் தொடங்கிய வேலையே சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் உலகப் பொதுமுறையாக 2021 நவம்பர் 4ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. ஓடுபாதை மூன்று பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் 6 முதல் 0 வரை இலக்கம் கொடுக்கப்படுகிறது. உலர்ந்திருந்தால் 6, ஈரமென்றால் 5, பனிக்கட்டி என்றால் 1, ஈரமான பனிக்கட்டி என்றால் 0. பூச்சியம் என்றால் அங்கே இறங்கவும் ஏறவும் கூடாது. மழைநீர் 3 மில்லிமீற்றருக்கு மேல் தேங்கினால் 2. எனவே பனியே காணாத நம் நாட்டு மழைக்கால ஓடுபாதைகளுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும்.

நல்ல முறைதான். ஆனால் ஒரு குறை என் மனதில் உறுத்துகிறது. இந்த இலக்கங்கள் எல்லாம் ஓடுபாதைக்கு மட்டும். டாக்ஸிவேக்கும் தரிப்பிடத்துக்கும் இலக்கம் கிடையாது. நிலைமை மோசமென்றால் "மோசம்" என்ற ஒற்றைச் சொல் அறிக்கையில் வரும். உயிரிழப்புகள் ஓடுபாதையில்தான் அதிகம் என்பதால் முன்னுரிமை அங்கே போனது நியாயம். என்றாலும் அங்கரேஜும் ஸ்ரீநகரும் சப்போரோவும் ஓடுபாதைக்கு வெளியே நடந்தவை. டாக்ஸிவேயின் எந்தத் திருப்பத்தில் எவ்வளவு பனிக்கட்டி, ஓரத்துக் குவியல் எவ்வளவு உயரம் என்பதை விமானி புறப்படும் முன்பே அறியும் முறை எல்லா நாட்டிலும் ஒரே தரத்தில் வர வேண்டும்.

ஓடுபாதை சுத்தமாக இருந்தால் மட்டும் போதாது என்பதை 2010 டிசம்பரில் லண்டன் ஹீத்ரோ தெளிவாகக் காட்டியது. கிறிஸ்மஸுக்கு முந்தைய வாரம் பெய்த பனியில் நாட்கணக்காக விமானங்கள் நின்றன, ஆயிரக்கணக்கான சேவைகள் இரத்தாயின. நம் ஆட்களும் முனையத் தரையில் படுத்துக் கிடந்தார்கள். நின்றிருந்த விமானங்களைச் சுற்றித் தரிப்பிடங்களில் உறைந்த பனியை அகற்ற முடியாததே பெரிய தடையாக இருந்தது. மாறாக, ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்தில் பனி நீக்குவதற்கென்றே ஓடுபாதைகளுக்குப் போகும் வழியில் சுமார் 24 ஹெக்டேயரில் தனி மையம் இருக்கிறது. விமானங்கள் அங்கே போய்த் திரவக் குளியல் எடுத்துவிட்டு நேரே ஓடுபாதைக்குப் போகின்றன. சூடான செம்மஞ்சள் திரவம் இருக்கும் பனியை உருக்கும். கெட்டியான பச்சைத் திரவம் புதிதாகப் பனி ஒட்டாமல் குறிப்பிட்ட நேரம் காக்கும். அந்த நேரம் தீர்வதற்குள் மேலெழ வேண்டும், இல்லையேல் திரும்பிப் போய் மறுபடி தெளிக்க வேண்டும். தரையோட்டப் பாதை நீண்டால் அந்த நேரம் தேயும். வழுக்கும் பாதையில் மெதுவாகத்தான் போக முடியும் என்பதால் இன்னும் விரைவாகத் தேயும். விமானியின் அவசரமும் நிதானமும் மோதிக்கொள்ளும் இடம் இதுதான்.

பயணம் போகிறவர்களுக்கு

1989 மார்ச் 10ஆம் திகதி கனடாவின் டிரைடனில் எயார் ஒன்டாரியோ விமானம் ஒன்று இறக்கையில் பனியோடு புறப்பட்டு மரங்களில் மோதியது. 69 பேரில் 24 பேர் இறந்தார்கள். விமானத்திலிருந்த துணை எஞ்சின் பழுது. நிறுத்தினால் மறுபடி எஞ்சினை இயக்கும் வசதி அந்தச் சிறு நிலையத்தில் இல்லை. எனவே எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது, பனி நீக்கப்படவில்லை. நீதிபதி வேர்ஜில் மொஷான்ஸ்கியின் நீண்ட விசாரணையில் ஒரு உண்மை வெளிவந்தது. பயணிகளாக வந்த விமானிகள் உட்பட, ஜன்னல் வழியே இறக்கையின் பனியைப் பார்த்துக் கவலைப்பட்டவர்கள் இருந்தார்கள். ஒருவரும் விமானியறைக்குச் செய்தி அனுப்பவில்லை. அவர்களுக்குத் தெரியாமலா இருக்கும் என்று இருந்துவிட்டார்கள்.

கண்டியிலிருந்து, மலையகத்திலிருந்து இந்தக் குளிர்காலத்தில் பயணம் போகிறவர்களுக்கும், அங்கிருந்து வருகிறவர்களுக்கும் சில வேண்டுகோள்கள். வழியில் விமானம் மாற வேண்டியிருந்தால் இடையில் போதிய நேரம் விட்டுப் பயணச்சீட்டு எடுங்கள். பனிக்காலத்தில் ஒரு மணி நேர இடைவெளியை நம்ப வேண்டாம். விமானம் தரையிறங்கிவிட்டது என்று இருக்கைப் பட்டியைக் கழற்றாதீர்கள். அது தரிப்பிடத்தில் முழுதாக நிற்கும்வரை வழுக்கும் தரையில்தான் இருக்கிறது. திறந்த படியில் இறங்க நேர்ந்தால் கைப்பிடியை விடாதீர்கள். வயதானவர்களுக்குச் செருப்பு வேண்டாம், அடி பிடிக்கும் சப்பாத்தைப் போட்டு அனுப்புங்கள். புறப்படும் விமானம் பனி நீக்கத் திரும்புகிறது என்று அறிவித்தால் பணிப்பெண்ணிடம் சலித்துக்கொள்ளாதீர்கள். ஜன்னலுக்கு வெளியே இறக்கையின் மேல் பனியோ பனிக்கட்டியோ படிந்திருப்பதைக் கண்டால், ஆங்கிலம் சரளமாக வராவிட்டாலும், கையால் காட்டியாவது விமானப் பணியாளருக்கு உடனே தெரியப்படுத்துங்கள்.